பேஸ்மென்ட் ஒயினும் கஞ்சா மிட்டாயும்

பக்கத்து வீட்டுப் பெரியவருக்கு முழங்கால் அறுவை சிகிச்சை முடிந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. கார் ஓட்டக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஒரு சனிக்கிழமை காலை வேலிக்கு அந்தப் பக்கம் நின்றபடி, "ஒரு கடைக்குப் போக வேண்டும், கூட்டிக்கொண்டு போக முடியுமா?" என்று கேட்டார். மருந்துக் கடையாக இருக்கும் என்று நினைத்துச் சரி என்றேன். காரில் ஏறி பெல்ட் போட்ட பிறகுதான் அது கஞ்சாக் கடை என்று சொன்னார். வலி மாத்திரை வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளவில்லையாம். படுக்கப் போகும் முன் கஞ்சா மிட்டாயில் பாதி கடித்துக்கொண்டால் தூக்கம் வருகிறதாம்.

நான் இருப்பது நியூ ஜெர்சியில். 2020 நவம்பர் தேர்தலோடு சேர்த்து நடந்த வாக்கெடுப்பில் இந்த மாநிலத்தில் மூன்றில் இரண்டு பங்குப் பேர் கஞ்சாவுக்குச் சரி என்றார்கள். 2022 ஏப்ரல் 21 முதல், 21 வயது நிரம்பிய யாரும் அடையாள அட்டையைக் காட்டிக் கடையில் வாங்கலாம். ஆகவே பெரியவர் செய்ததில் தப்பே இல்லை. பயம் எனக்குத்தான். என் குடியுரிமை மனு அப்போது நிலுவையில் இருந்தது. மனுவை எழுதிக் கொடுத்த வக்கீலம்மா முதல் நாளே எச்சரித்திருந்தார். மாநிலம் என்ன சொன்னாலும் மத்திய அரசுக்குக் கஞ்சா இன்னும் குற்றப் பொருள்தான். குடியுரிமை கொடுப்பது மத்திய அரசு. கஞ்சாக் கடையில் மாநில உரிமத்தோடு வேலை பார்த்தால்கூட 'நல்லொழுக்கம்' இல்லாதவராகக் கருதப்படலாம் என்று 2019 ஏப்ரலில் குடிவரவுத் துறை வெளிப்படையாகவே அறிவித்திருக்கிறது.

எனவே கடை வாசலிலிருந்து எவ்வளவு தள்ளி நிறுத்த முடியுமோ அவ்வளவு தள்ளி, குப்பைத் தொட்டிகளுக்குப் பக்கத்தில் காரை நிறுத்திவிட்டு உள்ளேயே உட்கார்ந்திருந்தேன். வாசலில் ஒரு காவலாளி. யோகா பாயைத் தோளில் மாட்டிய பெண், பெயின்ட் கறை படிந்த பேன்ட் போட்ட ஆள், கணவனும் மனைவியுமாக எழுபது வயதுக்காரர்கள். நூலகத்துக்குப் புத்தகம் திருப்பித் தர வந்தவர்களைப் போல் இருந்தார்கள். வரிசையில் பதுங்கி நின்றவர் ஒருவரும் இல்லை. மொத்த வாகன நிறுத்தத்திலும் பதுங்கிக் கிடந்தது நான் மட்டும்தான்.

பெரியவர் பையோடு வந்தார். பின்சீட்டில் வைக்கச் சொன்னேன். சிரித்துவிட்டார். "உங்களைப் பார்த்தால் 1925-ல் விஸ்கி லாரி ஓட்டுகிறவர் மாதிரி இருக்கிறது" என்றார். அப்புறம் வீடு வரும்வரை அவருடைய தாத்தா கதைதான்.

தாத்தா இத்தாலியிலிருந்து வந்து இங்கே கொத்தனார் வேலை பார்த்தவர். மதுவிலக்குக் காலத்தில் ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் கலிபோர்னியா திராட்சை ரயிலில் வந்து இறங்கும். தெருவே போய்ப் பெட்டி பெட்டியாக வாங்கி வந்து பேஸ்மென்டில் பிழியும். அந்தப் பிழிபொறி இன்னும் அவர் வீட்டில் இருக்கிறது, நானே பார்த்திருக்கிறேன். "போலீஸ் வரவில்லையா?" என்று கேட்டேன். "வந்தார்கள், குடிக்க" என்றார்.

இது வீட்டுக்கு வீடு சொல்லும் கதை என்றுதான் முதலில் நினைத்தேன். தேடிப் படித்தபோது அந்தத் தாத்தா பாதி சட்டத்துக்கு உட்பட்டுத்தான் இருந்திருக்கிறார் என்று தெரிந்தது. 1919-ல் நிறைவேறி, 1920 ஜனவரி 17-ல் நடைமுறைக்கு வந்த அரசியல் சாசனத்தின் 18-ஆம் திருத்தம் மதுவைத் தயாரிப்பது, விற்பது, கொண்டுபோவது ஆகியவற்றைத் தடை செய்தது. குடிப்பதைத் தடை செய்யவே இல்லை. அதை அமல்படுத்த வந்த வோல்ஸ்டெட் சட்டத்தில் வீட்டில் பழச்சாறு தயாரித்துக்கொள்ள இடம் இருந்தது. ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 200 கேலன், அதாவது 750 லிட்டருக்கும் மேல். அந்தச் சாறு புளித்துப் போனால் யார் என்ன செய்ய முடியும்? திராட்சைச் சாற்றைக் கெட்டியாக்கி விற்ற கம்பெனிகள், இதைத் தண்ணீரில் கரைத்து இத்தனை நாள் மூடி வைத்துவிடாதீர்கள், ஒயினாகிவிடும் என்று எச்சரித்தன. எச்சரிக்கை என்ற பெயரில் செய்முறைக் குறிப்பு.

டாக்டர் சீட்டும் இருந்தது. மருந்து விஸ்கிக்குச் சீட்டு எழுத டாக்டர்களுக்கு அனுமதி உண்டு. 1931 டிசம்பரில் நியூயார்க்கில் கார் மோதி அடிபட்ட வின்ஸ்டன் சர்ச்சிலுக்கு அடுத்த மாதம் ஒரு டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டு பிரசித்தம். குணமாவதற்கு மது அவசியம், முக்கியமாகச் சாப்பாட்டு வேளைகளில், குறைந்தபட்சம் 250 மில்லி. உச்சவரம்பு என்று எதையும் அந்த டாக்டர் எழுதவில்லை. 1996-ல் கலிபோர்னியா மருத்துவக் கஞ்சாவை அனுமதித்த பிறகு முதுகுவலி, பதற்றம், தூக்கமின்மை என்று மருத்துவர்கள் எழுதித் தள்ளிய சிபாரிசுகளைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த 250 மில்லி ஞாபகம் வரும். உண்மையான நோயாளிகள் இருந்தார்கள், இருக்கிறார்கள். புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவரின் குமட்டலை நான் கேலி செய்யவில்லை. ஆனால் ஒரு பொருளைச் சட்டம் பூட்டி வைத்து மருந்துக்கு மட்டும் சின்னக் கதவு விட்டால், ஊரே நோயாளியாகிவிடும்.

இந்தப் பழைய கதையைக் கஞ்சாவுக்குப் பொருத்திச் சொல்வது இங்கே எல்லாருக்கும் பழக்கம். மதுவைத் தடுத்தார்கள், கள்ளச்சாராயக் கும்பல் தலைவன் அல் கபோன் வந்தான். கஞ்சாவைத் தடுத்தார்கள், கடத்தல் கும்பல் வந்தது. அது தோற்றது, இதுவும் தோற்றது, திறந்துவிடு. நானும் வருஷக்கணக்கில் இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். தப்பில்லை. ஆனால் பொருந்துகிற இடம் நாம் நினைக்கிற இடமாக இல்லை.

முதலில் ஆள். கஞ்சாவுக்கு எதிராக நாட்டையே திருப்பிய ஹாரி ஆன்ஸ்லிங்கர் அதற்கு முன் மதுவிலக்குத் துறையில் அதிகாரி. 1930-ல் புதிதாக உருவான போதைப்பொருள் துறைக்குத் தலைவரானார், 1962 வரை அந்த நாற்காலியில் இருந்தார். மதுவிலக்கு 1933-ல் ஒழிந்தது, அதன் மனோபாவம் அடுத்த அறைக்கு மாறி உட்கார்ந்துகொண்டது. 1937-ல் வந்தது கஞ்சா வரிச் சட்டம். பெயர்தான் வரி. பதிவு செய்தவருக்கு அவுன்ஸுக்கு ஒரு டாலர், பதிவு செய்யாதவருக்கு நூறு டாலர். அன்றைய நூறு டாலர்! மதுவைத் தடுக்க அரசியல் சாசனத்தையே திருத்த வேண்டியிருந்தது, ஏனென்றால் மத்திய அரசுக்கு அந்த அதிகாரம் இல்லை என்று அப்போது எல்லாரும் நம்பினார்கள். பதினேழே வருஷத்தில் கஞ்சாவுக்கு ஒரு வரி முத்திரை போதும் என்றாகிவிட்டது. 1970-க்குள் அந்த ஒப்பனையும் தேவைப்படவில்லை. ஒரே சட்டம் போட்டு ஹெராயினோடு சேர்த்து, மிகக் கடுமையாகத் தடுத்த பொருள்களின் முதல் பட்டியலில் எழுதினார்கள். ஜனாதிபதி நிக்சன் காலத்தில் அமைந்த தேசியக் குழுவே 1972-ல், சொந்த உபயோகத்துக்கு வைத்திருப்பதைக் குற்றமாக்க வேண்டாம் என்றது. அவர் அதை ஒதுக்கித் தள்ளினார்.

இன்னொன்றும் உண்டு. மதுவிலக்கின் பின்னால் உண்மையான கண்ணீர் இருந்தது, சம்பளத்தைக் குடித்துத் தீர்த்த கணவர்களின் மனைவிமார் இருந்தார்கள். கூடவே ஜெர்மன் பீர் கம்பெனிகள் மேல் முதல் உலகப் போர் கிளப்பிய வெறுப்பும், இத்தாலியர், ஐரிஷ்காரர் மேல் இருந்த இளக்காரமும் இருந்தன. கஞ்சா விஷயத்தில் அந்த இடத்துக்கு மெக்சிகோக்காரர்களும் கறுப்பர்களும் வந்தார்கள். 'மாரிவானா' என்ற ஸ்பானியச் சொல்லையே சட்டத்தின் பெயராக வைத்தார்கள். டாக்டர்களுக்குக் 'கன்னாபிஸ்' என்றால்தான் தெரியும். தங்கள் மருந்தைத்தான் தடுக்கப் போகிறார்கள் என்பதே முதலில் புரியவில்லை என்று அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் பிரதிநிதி காங்கிரஸ் என்ற அமெரிக்க நாடாளுமன்றத்தின் குழுவிடம் வந்து சண்டை போட்டார். கறுப்பர்களும் வெள்ளையர்களும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் கஞ்சா உபயோகிக்கிறார்கள். ஆனால் 2010-ல், கையில் வைத்திருந்ததற்காகக் கைதாகும் வாய்ப்பு கறுப்பர்களுக்கு 3.73 மடங்கு அதிகம் என்று ஏசிஎல்யூ என்ற சிவில் உரிமை அமைப்பு கணக்கிட்டது. எனக்கு ஒரு மனு கெட்டுப்போகுமே என்ற கவலை. அவர்களில் எத்தனையோ பேருக்கு வேலையும் வீடும் கெட்டுப்போனது.

படித்ததிலேயே என்னை உலுக்கியது கலப்படம்தான். 1930-ல் அமெரிக்காவின் தென், மத்திய மாநிலங்களில் ஏழைகள் திடீரென்று கால் விளங்காமல் போனார்கள். காரணம் 'ஜேக்' என்ற ஜமைக்கா இஞ்சிச் சாறு. மருந்துக் கடையில் கிடைக்கும், முக்கால்வாசி ஆல்கஹால். இதைக் குடிக்க முடியாதபடி கசப்பாக்க, இஞ்சிப் பொருள் நிறைய இருக்க வேண்டும் என்று அரசு விதி போட்டது. அதிகாரிகள் பாட்டிலைக் காய்ச்சி, மிஞ்சும் கசண்டை எடை போட்டுப் பார்ப்பார்கள். இஞ்சியைக் குறைக்கவும் வேண்டும், கசண்டும் மிஞ்ச வேண்டும். அதற்காக வேறு எதையெதையோ கலந்தவர்கள் கடைசியில் பிளாஸ்டிக்கை நெகிழ வைக்கும் ஓர் எண்ணெயைக் கலந்தார்கள். அது நரம்பைக் கொன்றது. பல்லாயிரம் பேர் முடமானார்கள்.

2019-ல் என்ன நடந்தது? கஞ்சா எண்ணெயை ஆவியாக்கி இழுக்கும் பேனாவால் இளைஞர்களுக்கு நுரையீரல் வெந்துபோனது. 2020 பிப்ரவரிவரை 2,807 பேர் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள் அல்லது இறந்தார்கள், இறந்தவர்கள் 68. முக்கியக் காரணம் வைட்டமின் ஈ அசிடேட். கள்ளச்சந்தையில் கஞ்சா எண்ணெயை நீர்க்கச் செய்தால் மெலிந்துவிடும், வாங்குபவர் குலுக்கிப் பார்த்துக் கண்டுபிடித்துவிடுவார். கெட்டியாகக் காட்ட இதைக் கலந்தார்கள். அங்கே கசண்டு, இங்கே கெட்டித்தன்மை. எண்பத்தொன்பது வருஷ இடைவெளியில், அதே எண்ணெய் வியாபாரத் தந்திரம். கபோனும் துப்பாக்கியும் இல்லை, மதுவிலக்குக்கும் கஞ்சாத் தடைக்கும் உள்ள ஒப்புமை என்றால் எனக்கு இதுதான். போதாததற்கு அன்றைய அரசே தொழிற்சாலை ஆல்கஹாலில் மெத்தனால் கலக்கச் சொன்னது. அதைத்தான் திருடிக் குடிக்கிறார்கள் என்று தெரிந்தும் 1927-ல் விஷத்தின் அளவைக் கூட்டியது. நியூயார்க் நகரின் தலைமை மரண விசாரணை மருத்துவர் சார்லஸ் நாரிஸ் அதைப் பகிரங்கமாகக் கண்டித்தார்.

சரி, பொருந்தாத இடங்களுக்கு வருகிறேன். மதுவிலக்கு முழுத் தோல்வி என்பது வசதியான பொய். முதல் சில வருஷங்களில் குடி பாதிக்கும் கீழே போனது, அப்புறம்தான் பழைய அளவில் அறுபது எழுபது சதவீதத்துக்கு ஏறியது. கல்லீரல் சாவுகள் குறைந்திருந்தன. சட்டம் பழக்கத்தை மாற்றாது என்று மேடையில் முழங்கலாம், கணக்கு அப்படிச் சொல்லவில்லை. அது மாற்றும். என்ன விலை கொடுத்து என்பதுதான் வழக்கு. 1928-ல் மிச்சிகனில் பத்துப் பிள்ளைகளின் தாய் ஒருத்திக்கு, கொஞ்சம் ஜின் விற்றதற்கு, நாலாவது குற்றம் என்பதால் ஆயுள் தண்டனை கிடைத்தது. பிற்பாடு குறைத்தார்கள் என்பது வேறு.

அடுத்தது வீரியம். தடை இருந்தால் கடத்தல்காரன் பீரை விட்டுவிட்டு விஸ்கியைத்தான் கொண்டுவருவான், லாரியில் இடம் குறைவு. கஞ்சாவிலும் அதுதான் நடந்தது. பறிமுதல் செய்த கஞ்சாவில் போதைச் சரக்கான டிஎச்சி 1995-ல் 4 சதவீதம், 2014-ல் 12 சதவீதம். ஆனால் 1933-ல் தடை நீங்கியதும் மக்கள் பீருக்குத் திரும்பினார்கள். மதுவிலக்கை நீக்கிய 21-ஆம் திருத்தம் நிறைவேறும் முன்பே, ஏப்ரல் 7-ஆம் தேதியே, 3.2 சதவீத பீருக்குத்தான் முதல் அனுமதி. கஞ்சாவில் திரும்பி வருகிற வழியே காணோம். கடைகள் திறந்த பிறகு எண்பது, தொண்ணூறு சதவீத வீரியமுள்ள மெழுகும் எண்ணெயும் கண்ணாடிப் பெட்டியில் பளபளக்கின்றன. 2022-ல் அமெரிக்காவில் தினமும் அல்லது ஏறக்குறைய தினமும் கஞ்சா உபயோகிப்பவர்கள் 1.77 கோடி, அதே அளவுக்குக் குடிப்பவர்கள் 1.47 கோடி. கஞ்சா குடியை முந்தியது அதுதான் முதல் தடவை. 1992-ல் அப்படிக் கஞ்சா உபயோகித்தவர்கள் பத்து லட்சத்துக்கும் கீழே இருந்தார்கள். பெரியவரின் பாதி மிட்டாயை ஆதரிக்கிற நான், இந்த எண்ணைப் பார்த்ததும் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

அதனால்தான் 1920-ஐ விட 1933-ஐப் படிக்க வேண்டும் என்கிறேன். தடை நீங்கிய மறுநாள் மதுக்கடைகள் பழையபடி திறக்கவில்லை. மதுவிலக்குக்கு முன்பு சலூன் என்று அழைத்த குடிக்கடைகளைப் பீர் கம்பெனிகளே நடத்தின. உப்புத் தூக்கலான சாப்பாட்டை இலவசமாகப் போட்டுத் தாகத்தைக் கிளப்பின. 'குடிக்கவை, இன்னும் குடிக்கவை' என்பதே தொழில். புதிய சட்டங்களை எழுதியவர்களுக்கு அது மறக்கவில்லை. தயாரிப்பவர், மொத்த வியாபாரி, சில்லறைக் கடைக்காரர் மூவரையும் பல மாநிலங்கள் பிரித்து நிறுத்தின. பென்சில்வேனியா போன்றவை அரசே கடை நடத்துவது என்று முடிவு செய்தன. மிசிசிப்பி 1966 வரை தடையை விடவில்லை. ஜாக் டேனியல்ஸ் விஸ்கி தயாராகிற டென்னசியின் மூர் கவுன்டி இன்றைக்கும் பெயரளவில் மதுவிலக்கு ஊர்தான்.

கஞ்சாவில் பல இடங்களில் இதைத் தலைகீழாகச் செய்தார்கள். ஃப்ளோரிடாவின் மருத்துவக் கஞ்சா உரிமம், விதைப்பதிலிருந்து விற்பதுவரை ஒரே கம்பெனி செய்தாக வேண்டும் என்கிறது. கொலராடோவும் 2014 ஜனவரியில் கடை திறந்தபோது அப்படித்தான் தொடங்கியது. வாஷிங்டன் மாநிலம் மட்டும் அப்போதே, பயிரிடுபவர் கடை வைக்கக் கூடாது என்று பிரித்துவிட்டது. அந்தச் சட்டத்தை எழுதியவர்கள் சலூன் கதையைப் படித்திருக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றும். பெரிய கைகள் எப்போது வரும் என்று காத்திருக்கவும் வேண்டியதில்லை. 2018-லேயே கரோனா பீர் விற்கும் கான்ஸ்டலேஷன் கனடாவின் கஞ்சாக் கம்பெனி ஒன்றில் 400 கோடி டாலர் போட்டது. மார்ல்பரோ சிகரெட்டின் ஆல்ட்ரியா இன்னொன்றில் 180 கோடி.

வரி விஷயம் தனி வேடிக்கை. 1927-ல் கள்ளச்சாராய வியாபாரி ஒருவரின் வழக்கில், திருட்டு வருமானத்துக்கும் வரி உண்டு என்றது உச்ச நீதிமன்றம். கபோன் 1931-ல் மாட்டியது இந்த வழியில்தான். அந்தத் தீர்ப்பில் நீதிபதி ஹோம்ஸ், லஞ்சம் போன்ற திருட்டுச் செலவுகளைக் கழிக்கலாமா என்பதை, அப்படிக் கேட்கிற துணிச்சல்காரர் வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று எழுதினார். 54 வருஷம் கழித்து வந்தார் ஒருவர். மினியாபொலிஸில் போதைப்பொருள் விற்றவர், தராசு வாங்கிய செலவு, பொட்டலம், போன், பெட்ரோல் எல்லாவற்றையும் கழிக்கச் சொல்லி 1981-ல் வரி நீதிமன்றத்தில் ஜெயித்தார். காங்கிரஸுக்குக் கோபம் வந்து மறுவருஷமே வரிச் சட்டத்தில் 280இ என்ற பிரிவைப் போட்டது. போதைப்பொருள் வியாபாரத்தில் சரக்கு வாங்கிய விலை தவிர எந்தச் செலவையும் கழிக்க முடியாது. அந்தத் துணிச்சல்காரருக்காகப் போட்ட பூட்டு, மாநில உரிமத்தைச் சுவரில் மாட்டி, வாடகையும் சம்பளமும் ஒழுங்காகக் கொடுக்கிற கடைகள் மேல் விழுந்தது. பாங்குகளும் மத்திய சட்டத்துக்குப் பயந்து ஒதுங்குவதால் கட்டுக்கட்டாக ரொக்கம். கடைக்குள் ஒரு ஏடிஎம் வைத்திருந்தார்கள் என்று பெரியவர் சொன்னார். கூடவே கள்ளச் சந்தையும் சாகவில்லை. கலிபோர்னியாவில் பாதிக்கும் மேற்பட்ட ஊர்கள் கடைக்கு அனுமதி கொடுக்கவில்லை, கொடுத்த இடங்களில் வரிச்சுமை. 1933-க்குப் பிறகும் இப்படித்தான் மலைப்பக்கங்களில் சாராய ஊறல் ஓடிக்கொண்டிருந்தது. கார்ப் பந்தய வீரர் ஜூனியர் ஜான்சன் அப்பாவின் ஊறலில் பிடிபட்டது 1956-ல், மதுவிலக்கு ஒழிந்து 23 வருஷம் கழித்து.

இதையெல்லாம் படித்துக்கொண்டிருந்த நாட்களில் என் மனுவையும் திரும்பத் திரும்பப் பார்த்தேன். குடியுரிமைச் சட்டம் நல்லொழுக்கத்தை விளக்குகிற இடத்தில் 'ஓயாக் குடிகாரருக்கு' அது இல்லை என்கிறது. குடித்தால் மட்டும் போதாது, ஓயாமல் குடிக்க வேண்டும். போதைப்பொருளுக்கு அந்தச் சலுகை கிடையாது. ஒரே ஒரு தடவை 30 கிராமுக்கு மேற்படாத கஞ்சாவைக் கையில் வைத்திருந்ததற்கு மட்டும் விலக்கு. குடிகாரரைப் பற்றிய வாக்கியத்தை எழுதியவர்களுக்குக் குடிக்கிறவர்களைத் தெரியும், வீட்டிலேயே இருந்திருப்பார்கள்.

முழங்கால் தேறி, பெரியவர் இப்போது தானே கார் ஓட்டுகிறார். போன மாதம் வேலிக்கு மேல் ஒரு பாட்டிலை நீட்டினார். லேபிள் இல்லை, கார்க்கு கொஞ்சம் கோணல். தாத்தாவின் பிழிபொறியில் அவரே பிழிந்தது. பெரியவர்கள் இருவர் இருக்கும் வீட்டில் ஆண்டுக்கு 200 கேலன்வரை ஒயின் போட்டுக்கொள்ள மத்திய சட்டம் இன்றும் அனுமதிக்கிறது, அதே 200. அதே வீட்டுத் தோட்டத்தில் ஒரே ஒரு கஞ்சாச் செடி வைத்தால் நியூ ஜெர்சியில் இன்னும் குற்றம், கடையில் வாங்கத்தான் அனுமதி. நான் குடிப்பதில்லை என்று அவருக்குத் தெரியும்.

"எடுத்துக்கொள்ளுங்கள், இதற்கு உங்கள் வக்கீல் ஒன்றும் சொல்ல மாட்டார்" என்றார்.

வாங்கி முன்சீட்டிலேயே வைத்துக்கொண்டு கடைக்குக் கிளம்பினேன்.